நீ நிற்கிற விளையாட்டு

தங்கச்சி,

இன்று காலை விளையாட்டைத் திறந்ததும் திரையில் ஓர் அறிவிப்பு வந்தது. இந்த மாதக் கடைசியோடு இதை நிறுத்துகிறார்களாம். அதற்குப் பிறகு யார் வீட்டிலும் திறக்காது. விளையாடியவர்களுக்கு நன்றி என்று கீழே போட்டிருந்தார்கள். இதை இன்னும் திறந்துகொண்டிருக்கிற பைத்தியம் நான் ஒருவன்தான். அந்த நன்றியும் எனக்குத்தான் போலிருக்கிறது.

மட்டாஞ்சேரியில் நம் வீட்டுப் பக்கத்துப் பழைய கிடங்கு முற்றத்தில், அட்டையை விரித்துத் தலைகீழாகச் சுழன்றுகொண்டிருந்த உன்னைத் தேடி இடப்பள்ளியிலிருந்து அந்தக் கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். ஹிப் ஹாப் ஆடுகிறவர்கள் தெருவில் மோதிக்கொள்ளும் சண்டை விளையாட்டு, ஒவ்வொரு அடியும் தாளத்தில் விழும் என்றார்கள். உனக்குக் கால் தரையில் பாவவில்லை. உடம்பெல்லாம் சின்ன உருண்டைகள் ஒட்டிய உடையை மாட்டி, உன் அசைவுகளைக் கேமராவில் எடுத்து, விளையாட்டில் வரும் ஒருவனுக்குக் கொடுப்பார்கள் என்று அம்மாவிடம் விளக்கினாய். "உன் மொகம் வராதில்ல?" என்று மட்டும் கேட்டாள். வராது என்றதும் நிம்மதியானாள். இப்போது அதற்காகவே அழுகிறாள்.

முதல் நாள் எரிச்சலோடு திரும்பி வந்தாய். "ஆடக் கூப்பிட்டுட்டு, சும்மா நில்லுன்னு நிக்க வச்சுட்டாங்க அண்ணே. யாரும் பட்டனை அமுக்காதப்ப ஆளு எப்படி நிக்கும்னு எடுக்கணுமாம்." நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

அந்த மழைக்காலத்திலேயே எலிக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. விளையாட்டு வெளிவந்தது அதற்கப்புறம். என்ன சொல்ல, கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். பட்டனை அமுக்கிவிட்டு ஒரு சாயா குடித்து வரலாம், அதன்பிறகுதான் அவன் காலைத் தூக்குவான். பாட்டு ஒரு பக்கம் போகும், அடி ஒரு பக்கம் விழும். நீ உயிரைக் கொடுத்துச் சுழன்றதையெல்லாம் வெட்டி ஒட்டி நாசம் செய்துவிட்டார்கள். வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். நானும் திட்டினேன்.

ஆனால் நீ நின்றதை அவர்கள் தொடவில்லை.

தங்கச் சங்கிலி போட்ட ஒரு தடியன், முகமெல்லாம் தாடி. எதையும் அமுக்காமல் விட்டால் இடது காலில் பாரத்தைப் போட்டு நிற்கிறான். முழங்கால் அடிபட்டதிலிருந்து நீ அப்படித்தானே நிற்பாய்? கொஞ்ச நேரம் கழித்து வேர்வையைத் தோளில் துடைத்துக்கொள்கிறான். அதைப் பார்த்ததும் அம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். எதிராளி வந்து குத்தியபோது, "மோனே, அவனைத் தள்ளிப் போகச் சொல்லுடா, அவள அடிக்கிறான்" என்று அலறினாள். எதிராளி அடிக்காமல் நிற்கும் பயிற்சிப் பகுதியைத் தேடிப் பிடித்தேன். அன்றிலிருந்து தினமும் பிராட்வேயில் பைக்கடையை மூடிவிட்டு வந்ததும் அவளுக்கு அதைப் போட்டுத் தருகிறேன்.

போனில் எடுத்து வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பாய். எடுத்தேன். அம்மா அதைப் பார்க்க மாட்டேன் என்கிறாள். "இது படம்டா. அதுலதான் அவ நிக்கிறா." எனக்கும் அது புரிகிறது. விளையாட்டில் நான் கையை எடுத்தால்தான் நீ வருகிறாய்.

அறிவிப்பைப் பார்த்துவிட்டுக் கடையைத் திறக்காமல் இடப்பள்ளிக்கே ஓடினேன். உன்னுடையதை மட்டுமாவது கொடுங்கள் என்று வெட்கத்தை விட்டுக் கெஞ்சினேன். அங்கிருந்த பையன் நல்லவன், தண்ணீர் கொடுத்தான். "எல்லாம் வேற கம்பெனிக்குக் கொடுத்தாச்சு சேட்டா. எது யாரோட அசைவுன்னு அதுல பேரு இருக்காது." இனி எந்த ஊர் விளையாட்டில், எந்தத் தடியனுக்குள் நீ நிற்பாயோ தெரியாது. எங்கே போய்த் தேடுவேன்? உன்னை இரண்டாம் முறை அடக்கம் செய்யச் சொல்கிறார்கள், எனக்கு அதற்குத் தெம்பில்லை.

வீட்டுக்கு வந்து, அம்மாவிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் அடுக்களை வாசலில் நின்றேன். திரும்பியவள் என்னையே பார்த்தாள்.

"அப்படி நிக்காதடா."

குனிந்து பார்த்தேன். பாரமெல்லாம் இடது காலில் இருந்தது. எத்தனை நாளாக இப்படி நிற்கிறேனோ, தெரியவில்லை. காலை மாற்றப் போனேன்.

"வேண்டாம்," என்றாள் அம்மா. "நில்லு."

அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். நான் அசையவில்லை.