புதுப் போத்தல் அனிலினும் வாசுகியின் பெயரும்

என் வாசுகி, கோபக்காரியே,

நீ போய் ஒரு வருசம், உன் ஆட்டத்திவசம் வெள்ளவத்தை வீட்டில் நடந்து முடிந்தது. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ எழும்பிய ஒருவர் மாமியிடம் கேட்டார்: "உங்கட மகள் செய்த ஆராய்ச்சி எல்லாம் பொய்யாம், நம்பர்களை அவவே போட்டவவாம். உண்மையோ?" உன் அம்மா பாயசச் சட்டியோடு அப்படியே நின்றா. அந்த மனுசனுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்திருந்தால் பாயசத்தையாவது மிச்சம் விட்டிருப்பார்.

காய்ச்சலோடு ஏனடி பல்கலைக்கழக லாப்புக்குப் போனாய்? டெங்கு என்று தெரிந்து பொரளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது எல்லாம் கைமீறிவிட்டது. நீ இருந்திருந்தால் அந்த ஆளுக்கு அங்கேயே பதில் கிடைத்திருக்கும்.

இதை வாசிக்கிற மற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறு. றப்பர் பாலை உறைய வைக்கிற ஃபோமிக் அமிலம் நம் ஊரில் தாராளமாகக் கிடைக்கும். எரிபொருட்கலம் ஒன்றில் அதை ஒட்சியேற்றினால் மின்சாரம் எடுக்கலாம். அதற்கு ஊக்கியாகப் பலேடியம் வேண்டும். தனிப் பலேடியம் கெதியில் களைத்துப் போகும். வாசுகி, மின்சாரம் போய்வருகிற முனையான மின்வாயின் மேல் பொலிஅனிலின் என்ற பச்சைப் படலத்தை வளர்த்து, அதில் பலேடியத்தைப் பொடிப்பொடியாகப் பதித்தாள். அது மின்சாரத்தைக் கடத்துகிற பல்பகுதியம், பொலிமர். அவளுடைய மின்வாய் களைக்கவில்லை. மின்வெட்டுக் காலத்தில் மெழுகுதிரி வெளிச்சத்தில் இருந்து, "இருந்து பார், ஒருநாள் இதில லைட் எரிப்பன்" என்று எங்களை வெருட்டியவள் அவள்.

நீ போன பிறகு, உன் ஆய்வை மேற்பார்த்த பேராசிரியர் சேர் உன் கட்டுரையைச் சஞ்சிகைக்கு அனுப்பினார். பரிசோதனையைத் திரும்பச் செய்து காட்டச் சொல்லி அங்கிருந்து பதில் வந்தது. புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவி செய்தாள். படலம் திட்டுத்திட்டாக வந்தது, மின்னோட்டம் எழும்பவே இல்லை. திணைக்களக் கூட்டத்தில், தற்காலிக விரிவுரையாளர் நான் முன்னால் இருக்கத்தக்கதாக, சேர் சொன்னார்: "வாசுகியின்ர டேட்டாவை நம்பேலாமக் கிடக்கு." அவ்வளவுதான். அந்த வார்த்தை காலி வீதி பஸ் பிடித்து வீடுவரைக்கும் வந்துவிட்டது.

நான் லாப்புக்குப் போய், என்ன செய்தீர்கள் என்று அந்தப் பிள்ளையிடம் கேட்டேன். மறைக்காமல் எல்லாவற்றையும் காட்டினாள். படலம் வளர்க்கிற திரவமான அனிலின் போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தேன். பிளேன் டீ நிறம்.

"காய்ச்சி வடிக்கேல்லையோ?"

"இது புதுப் போத்தல், மிஸ். சீல் நான்தான் உடைச்சனான். புதுசை வடிச்சு வீணாக்க வேண்டாம் எண்டு சேர் சொன்னவர்."

புதுப் போத்தலாம். கப்பலில் வந்து, துறைமுகக் களஞ்சியத்து வெக்கையில் கிடந்து, பத்திரங்கள் சரிவரும்வரை கறுத்துப்போன புதுப் போத்தல். நீ எந்தப் போத்தலையும் நம்பமாட்டாய். படலம் வளர்க்கிற அன்று காலையிலேயே சிங்க் தூள் போட்டு வடிப்பாய், தண்ணீர் மாதிரித் தெளிவாக வந்தால்தான் தொடுவாய். கட்டுரையிலும் "வடித்த அனிலின்" என்றுதான் எழுதியிருந்தாய். அதை வாசித்து அச்சடிக்க அனுப்பியவருக்கே அது கண்ணில் படவில்லையா?

நான் வடித்துக் கொடுத்தேன், அவள் படலம் வளர்த்தாள். பச்சையாக, ஒரே சீராக வந்தது. பலேடியம் பதித்து, ஃபோமிக் அமிலத்தில் வைத்தபோது திரையில் கோடு எழும்பியது. உன் கோடுதான். மேலே உன்னுடையதை வைத்துப் பார்த்தோம், அதே இடத்தில் அதே உச்சி. எனக்கு அழுகை வந்தது, பிறகு ஆத்திரம் வந்தது.

சேர் சந்தோசப்பட்டார். "நல்லது. இனி அனுப்பலாம். செய்து காட்டின பிள்ளையின்ர பேரை முதல்ல போடுவம். வாசுகிக்கு முடிவில ஒரு நன்றி சொல்லுவம்."

"அவளின்ர வேலை, சேர். அவளின்ர பேர் எங்கே?"

"இல்லாத ஆளுக்குப் பேர் என்னத்துக்கு? இருக்கிறவைக்கு வேலை எடுக்க வேணும். உம்மட ஒப்பந்தமும் முடியப் போகுது, யோசியும்."

நம்பேலாது என்று சொல்லும்போது மட்டும் நீ இருந்தாய், வாசுகி. பழிக்கு ஆளாக இருந்தாய், பேருக்கு இல்லாமல் போய்விட்டாய். இதை எப்படி நான் விழுங்குகிறது?

மாமியிடம் போய், "அவள் செய்தது சரி, நானே பார்த்தனான்" என்றேன். சந்தோசப்படுவா என்று நினைத்தேன்.

"எனக்கேன் சொல்லுறாய்?" என்றா. "என்ர பிள்ளையை நான் எப்ப சந்தேகப்பட்டனான்? சொல்ல வேண்டிய இடத்தில போய்ச் சொல்லு."

இன்று காலை சொல்லிவிட்டேன். கறுத்த அனிலினில் வந்த கோடு, வடித்ததில் வந்த கோடு, உன் கோடு, மூன்றையும் சஞ்சிகைக்கு அனுப்பி, இது யாருடைய வேலை என்று எழுதினேன். சேருக்கும் ஒரு பிரதி போட்டேன். மத்தியானத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார், நான் எடுக்கவில்லை. வேலை போகும் என்று உன் அண்ணனுக்கு இன்னும் சொல்லவில்லை.

ஒன்று மட்டும் சத்தியமாகச் சொல்கிறேன். உன் பெயர் முதலில் இல்லாத கட்டுரையில் என் பெயர் இராது. அவர்கள் உன்னை நன்றியில் தள்ளி அச்சிட்டால், அது உன்னுடையது என்று நான் கேட்கிறவர்களுக்கும் சொல்லுவேன், கேட்காதவர்களுக்கும் சொல்லுவேன். செத்தவள் வாய் திறக்கமாட்டாள் என்று நினைத்துவிட்டார்கள். உனக்கு ஒரு மச்சாள் இருப்பதை மறந்துவிட்டார்கள்.

உன் அண்ணன் பெண்டாட்டி, அதற்கு முன்னமே உன் சிநேகிதி,
கௌரி