ஒரு முக்காலி

தியாகராய நகர்,
12-2-1971

அன்புள்ள வெள்ளைத்துரைக்கு,

நான் சுகம், முழங்காலுக்குக் கீழே மட்டும் சுகமில்லை. நீ தேர்தலில் நிற்கிறாய் என்று அடையாறு வீட்டுக்கு வந்தேன். துரையும் நானும் ஒரே பாயில் படுத்தவர்கள் என்றேன். “இன்னா நைனா, காலைலேந்து இந்தப் பாய்க் கதை சொல்லிக்கினு வந்ததுல நீ பத்தாவது ஆளு” என்றான் காவல்காரன். அதனால்தான் இந்தக் கார்டு.

நீ ஒரு மாதம் நிற்பதற்கே சுவரெல்லாம் படம். உன் ஜவுளிக்கடையில் நாங்கள் வருஷம் முழுக்க நிற்கிறோம். கிண்டி ரேஸ் குதிரை நின்றபடியே தூங்குமாம். நானும் பழகிவிட்டேன், கனைக்கத்தான் வரவில்லை. என் கதை கிடக்கட்டும். சேலைப் பிரிவு இசக்கியம்மாளுக்கு ஐந்து மாதம். கூட்டமில்லாத நேரம் துணிக்கட்டின்மேல் உட்கார்ந்தாள். “எந்திரி! இந்தக் கடையில உட்காருறதுக்கு ஒரு ஆளுதான், அது நான்” என்றான் உன் மகன் ஜவஹர்.

உனக்கு நாற்காலி கிடைக்கட்டும். அவளுக்கு ஒரு முக்காலி போடச் சொல்.

உன்
நல்லசிவம்

அடையாறு,
20-2-1971

அன்புள்ள சிவத்துக்கு,

ஏலே, கார்டைப் படித்துக் காருக்குள்ளேயே சிரித்தேன். முதலில் ஜெயிக்க விடு. முக்காலி எல்லாருக்குமே போடுவோம். ஞாயிறு ஊர்வலத்துக்குக் கடை ஆட்களைக் கூட்டி வா. இசக்கியம்மாளும் வரட்டும். தாய்மார்கள் முன்வரிசையில் இருந்தால் நல்லது.

வெள்ளை

தியாகராய நகர்,
10-4-1971

அன்புள்ள வெள்ளைக்கு,

எம்.எல்.ஏ. ஆனதில் சந்தோஷம். உனக்காகப் பாண்டி பஜார் நெடுக நடந்து கோஷம் போட்ட இசக்கியம்மாள், நேற்று மறுபடி உட்கார்ந்துவிட்டாள். ஜவஹர் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டான். “அண்ணாச்சி வாக்குக் கொடுத்திருக்காக, முக்காலி வரும்” என்று அவளுக்குத் தைரியம் சொல்லி வைத்த மேதாவி நான்தான்.

கடையில் உட்கார முக்காலி கேட்டுத் தொழிலாளர் ஆபீசில் மனுக் கொடுத்தேன். “இதெல்லாம் இப்போ சட்டசபைக் குழுவுக்குன்னா போறது! தலைவர் யார் தெரியுமோ?” என்றார் குமாஸ்தா சந்திரமௌலி. உன் பெயரைச் சொன்னார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

மனு உன்னிடம்தான் வரும். அவளைத் திரும்ப எடுத்துக்கொள்.

நல்லசிவம்

அடையாறு,
17-4-1971

அன்புள்ள நல்லசிவம்,

மனு வந்தது. ஒருத்திக்கு இடம் கொடுத்தால் நாளைக்குப் பஜார் முழுக்கக் கேட்பார்கள். மற்ற முதலாளிகள் என் தேர்தலுக்குச் செலவு செய்தவர்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வேன்? நாளை முதல் நீ மேற்பார்வையாளர். உனக்கென்று ஒரு நாற்காலி வரும். மனுவை வாபஸ் வாங்கிவிடு.

வெள்ளைத்துரை

தியாகராய நகர்,
20-4-1971

மதிப்பிற்குரிய அண்ணாச்சி அவர்களுக்கு,

நாற்காலி வந்தது. பிரம்பு பின்னியது, நல்ல சாமான். உட்கார்ந்தும் பார்த்தேன், பொய் சொல்லக் கூடாது, சொர்க்கம். ஆனால் உட்கார்ந்தவன் கண்ணுக்கு நேரே மற்றவர்களின் வீங்கிய கால்தான் இருக்கிறது. நாற்காலியை ரிக்‌ஷாவில் ஏற்றி, சிந்தாதிரிப்பேட்டையில் இசக்கியம்மாள் வீட்டில் இறக்கிவிட்டேன். விலையை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளவும்.

மனுவை வாபஸ் வாங்கவில்லை. தங்கள் மேசையில்தான் இருக்கும். உட்கார்ந்து, நிதானமாகப் படிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் கடையில் நிற்கும்
சு. நல்லசிவம்