தரை கீறிவிடும், மிலுஷ்

அரண்மனை, மே 12, 2003

அன்பு மிலுஷ்,

நீ கோபித்துக்கொண்டு ஒலமோட்ஸில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய் எட்டு மாதம். நான் சமைக்கக் கற்றுக்கொண்டேன். பூனை வீட்டைவிட்டே போய்விட்டது.

ஊர்ச் செய்தி கேள். நம் அரண்மனை இனிக் கல்யாண மண்டபமாம்! பிரபு விருந்து வைத்த கூடம், அப்புறம் கூட்டுப்பண்ணையின் கோதுமைக் கிடங்கு, டிராக்டர் பள்ளி, முதியோர் இல்லம், அருங்காட்சியகம். இப்போது மணப்பெண்கள். டிராக்டர் புகையில் மூக்கு கறுத்த, கூரை ஓவியத்துத் தேவதைகள்கூட சிரிக்கின்றன. "ஓல்டா, ஹை ஹீல்ஸுக்குத் தடை கிடையாது, புரியுதா?" என்கிறார் மேயர். காவலாளி நான் என்ன சொல்ல? நான் மெழுகு போட்டு வளர்த்த மரத்தரை! நெஞ்சு வலிக்கிறது. திரும்பி வாயேன்.

உன் ஓல்டா

ஒலமோட்ஸ், மே 20

ஓல்டா,

பூனைக்கு என் அனுதாபம். எட்டு மாதத்தில் முதல் கடிதம், அதுவும் தரையைப் பற்றி!

நம் இருபத்தைந்தாவது கல்யாண நாளில் நான் என்ன கேட்டேன்? அந்தக் கூடத்தில் ஒரே ஒரு வால்ட்ஸ் நடனம். புதுக் காலணி போட்டு வந்து நின்றேன். நீ, தரை கீறாமலிருக்கச் சுற்றுலாக்காரர்கள் காலணிக்கு மேல் மாட்டும் கம்பளிச் செருப்பைக் கூடையிலிருந்து எடுத்து நீட்டினாய். "மேல மாட்டிக்கோ மிலுஷ், தரை கீறிடும்."

அதே கூடத்தில், கோதுமை மூட்டைகளுக்குப் பின்னால் என்னை முதல்முதலாக முத்தமிட்டாயே, அன்று உன் காலில் சேற்று பூட்ஸ். அன்னிக்குக் கீறலையா?

மிலுஷ்

அரண்மனை, ஜூன் 8

என் மிலுஷ்,

முதல் கல்யாணம் முடிந்தது. பழக்கதோஷம், வாசலில் கூடையோடு நின்று மணப்பெண்ணுக்கே கம்பளிச் செருப்பை நீட்டிவிட்டேன். "உனக்குப் பைத்தியமாய்யா?" என்று அவள் மாமியார் பாய்ந்தாள். அந்தப் பெண்ணோ அதை மாப்பிள்ளைக்கு மாட்டிவிட்டு, ஹீல்ஸோடு ஆடித் தீர்த்துவிட்டாள். போகும்போது, "மாமா, தரை அழுதுச்சா?" என்று கேட்டாள்.

எல்லோரும் போனபின் முட்டி போட்டுக் கீறல்களைத் தேடினேன். ஆட்டம் ஆடிய அதிர்வில் பலகை இடுக்கிலிருந்து பழைய கோதுமை மணிகள் வெளியே வந்திருந்தன. உறையில் வைத்திருக்கிறேன், பார்.

வேட்டை நாய், மூட்டை, டிராக்டர் இன்ஜின், சக்கர நாற்காலி எல்லாம் ஏறிய தரை அது. அதில் ஒரே ஒருத்தியைத்தான் நான் தடுத்திருக்கிறேன்.

மெழுகு டப்பாவைத் திறக்கவே இல்லை.

உன் முட்டாள் ஓல்டா

ஒலமோட்ஸ், ஜூன் 14

ஓல்டா,

உறையிலிருந்த கோதுமையைப் பார்த்து, "கோழிக்குப் போடுடி" என்றாள் அக்கா. போடவில்லை.

அடுத்த சனிக்கிழமை மதியப் பேருந்தில் வருகிறேன், அந்தக் காலணியோடேயே. ஒரு ஜோடி கம்பளிச் செருப்பு எடுத்து வை. எனக்கில்லை, உனக்கு. ஆடும்போது என் காலை மிதிப்பவன் நீதானே.

மிலுஷ்