நாலாவது விரல்

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையிலிருந்து ஓர் இலை அசையவில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் பஸ், சிப்காட் வரை நின்றுகொண்டே. ஷிப்ட் ஆட்கள் இறங்கிய பிறகுதான் இடம். காலேஜ் பியானோவில் இரண்டு கட்டைகள் ஈரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. ட்யூனர் சென்னையிலிருந்து வர வேண்டும். போனை எடுக்கவில்லை.

வலது கை மோதிர விரல் இன்றும் உள்ளே மடங்கிக்கொண்டது. பியானோக்காரர் கணக்கில் நாலாவது விரல். வலி இல்லை. வேகம் கூடினால் மட்டும் புழுபோலச் சுருள்கிறது. பாண்டிச்சேரி டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டார், மருந்து கிடையாது, வாசிப்பதை நிறுத்திவிடுங்கள் என்று. புருஷன் சேகரிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷப்படுவார், மாலையில் நேரத்துக்குச் சாப்பாடு கிடைக்கும் என்று.

பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். 14ஆம் தேதி காலேஜ் டே. நான் வாசிக்க வேண்டுமாம். சரி என்றேன். ஏன் சொன்னேன்?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரண்டாம் வருட வகுப்பு. வாசுகி. மீனவர் குடும்பம், கடலூர் பக்கத்துக் குப்பம். வீட்டில் ஒரு பழைய கீபோர்டு, அவ்வளவுதான். அவளுக்குக் கொடுத்த பாடத்தை விட்டுவிட்டு, நான் 14ஆம் தேதிக்காகப் பழகும் சொனாட்டாவின் கடைசிப் பகுதியை வாசித்தாள். அறைக்கு வெளியே நின்று கேட்டுக் கேட்டுப் படித்தாளாம்.

ஒரு பிசகு இல்லை. நாலாவது விரல் பட்டாணி உருள்வதுபோல ஓடியது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லார் முன்னாலும் சொன்னேன்: "இந்தக் கைக்கு வலை இழுக்குறதுதான் சரிப்படும். இங்க எதுக்கு வந்து கட்டைய ஒடைக்கிற?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் அழவில்லை. மூடியைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

வீட்டில் காஸ் தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வாசுகி மூன்று நாளாக வரவில்லை. படிப்பை நிறுத்திக்கொள்வதாக ஆபீசில் எழுதிக் கொடுத்துவிட்டாளாம்.

இன்று அவள் அப்பா வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கருத்து வெடித்த கைகள். உட்காரச் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை.

"புள்ள சரியா சோறு திங்க மாட்டேங்குது மேடம். என்னா நடந்துதுன்னும் சொல்ல மாட்டேங்குது. நீங்க ஒரு வார்த்த கூப்புட்டா வந்துடுவா."

எழுதிக் கொடுத்த பிறகு என் கையில் ஒன்றும் இல்லை என்றேன். கும்பிட்டுவிட்டுப் போனார். அவரிடம் சொல்லியிருக்கிறாளோ என்றுதான் முதலில் பயந்தேன். சொல்லவில்லை. நிம்மதி.

ஆகஸ்ட் 11, திங்கள்

நாலாவது விரல் வேலையை நடுவிரலுக்கு மாற்றிப் பார்த்தேன். மெதுவாக வந்தது, வேகத்தில் இல்லை. விரலுக்கு பிளாஸ்டர் சுற்றிப் பார்த்தேன். வெந்நீர், ஐஸ், தைலம். சேகர் எட்டிப் பார்த்து, "கையில என்னா?" என்றார். எண்ணெய் தெறித்தது என்றேன். அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்கிற ஆளும் இல்லை.

புடவை: பச்சைப் பட்டு. பிளவுஸ் கைப்பக்கம் பிரித்து விட வேண்டும்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வாசித்தாயிற்று.

பாதிக்கு மேல் விரல் மூடிக்கொண்டது. திறக்கவே இல்லை. ஒரு பக்கம் முழுக்கத் தாண்டினேன். இடது கையால் ஏதோ இட்டு நிரப்பி, முடிவைப் போட்டு எழுந்தேன். உள்ளங்கால்வரை வேர்வை.

கைதட்டல் ஓயவில்லை. பிரின்சிபால் சால்வை போர்த்தி, "ஒரு எடத்துல கூட தடங்கலே இல்லாம வாசிச்சீங்க மேடம்" என்றார். பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரியவில்லை. யாருக்குமே தெரியவில்லை. இத்தனை வருடமும் இவர்கள் முன்னால்தான் வாசித்திருக்கிறேன். நன்றாக வாசித்த நாட்களிலும் இதே கைதட்டல்தான்.

பின் கதவோரம் வாசுகி. கைதட்டாமல் நின்றாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

மழை. வாசுகி அறைக்கு வந்தாள். அப்பா வெளியே வராந்தாவில்.

"நாலாவது வெரல் மூடிக்கிச்சு இல்ல மேடம்? ஒரு பக்கம் பூரா விட்டுட்டீங்க. நான் யார்கிட்டயும் சொல்லல."

என்னைச் சங்கடப்படுத்த வந்தவள்போலத் தெரியவில்லை. குரலில் அக்கறை. அதுதான் எரிந்தது.

திரும்பச் சேர்ந்துகொள்கிறேன் என்றாள். பிரின்சிபாலைப் பார்த்தாளாம், மேடம் சரி என்றால் போதும் என்று சொல்லிவிட்டாராம். அன்றைக்குச் சொன்னதை மனதில் வைக்கவில்லை, உங்களிடம்தான் கற்க வேண்டும் என்றாள்.

வாரத்துக்கு மூன்று வகுப்பு. மூன்றிலும் இவள் காது என் பக்கத்தில். இன்னும் இரண்டு வருடம்.

"இடம் இல்ல" என்றேன். இருக்கிறது.

"ஏன் மேடம்?"

"காது இருக்கு உனக்கு. கை இல்ல. கை இல்லாதவங்கள வச்சிக்கிட்டு நான் என்ன பண்றது?"

என் வலது கையைப் பார்த்தாள். மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டேன். சரிங்க மேடம் என்றாள்.

வராந்தாவில் அவள் அப்பா கேட்டது ஜன்னல் வழியாகக் காதில் விழுந்தது. மேடம் என்ன சொன்னாங்க?

"அவுங்களுக்கு ஒடம்பு முடியலப்பா. பாவம். வா, போலாம்."