எழுபதில் நின்ற முள்

என் ஆசை மாமாவுக்கு,

நீங்கள் விட்டுப்போன கார் பிச்சாட்டூரில் நம் வாசலில் பின்சக்கரம் கழற்றிக் கிடக்கிறது. அடியில் படுத்திருப்பவன் உங்கள் மகன் பாபு. உங்களைத் தவிர யாரிடம் சொல்வேன்?

அவனுக்கு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனியில் வேலை. உங்கள் காலத்தில் வேலை என்றால் குவைத்துதான். இவனுக்கு வாராவாரம் வீட்டுக்கு வந்துபோகும் தூரத்திலேயே கிடைத்துவிட்டது. நிம்மதியாகத்தான் இருந்தேன், அந்தப் பந்தயப் பேச்சை எடுக்கும்வரை. சென்னைப் பக்கம் ஏதோ பழைய விமான ஓடுதளமாம். இரண்டு கார்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, நேர்கோட்டில் கொஞ்ச தூரம் விரட்டுவார்களாம். வரும் ஞாயிறு. "நைனா வண்டியிலதான் ஓட்டப் போறேன்" என்கிறான்.

பின்அச்சில் நீங்கள் மாட்டிய கியர் நினைவிருக்கிறதா? இன்ஜினிலிருந்து வரும் தண்டு நாலரைச் சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். ஏற்றத்தில் வண்டி நிறைய ஆளோடு எகிறும். ஹைவேயில் எண்பதைத் தாண்டினால் ஊரைக் கூட்டும். "காது கிழியுது, மாத்தித் தொலைங்க" என்று எத்தனை முறை கத்தியிருப்பேன். நீங்கள் சிரித்துக்கொண்டே வேகத்தைக் குறைப்பீர்கள்.

என் புலம்பல் தாங்காமல் பாபு போன மாதம் அதைக் கழற்றிவிட்டு, வேறொரு பழைய வண்டியின் மூணேமுக்கால் கியரை மாட்டினான். திருப்பதிக்குப் போனோம். அடடா, என்ன அமைதி! வேகம் காட்டும் முள் எழுபதிலேயே நின்றது. கண்ணயர்ந்துவிட்டேன். புத்தூர் தாண்டி முன்னால் போன பஸ் சட்டென்று நின்றது. நம் வண்டி நிற்கவில்லை. பாபு மண்ணில் இறக்கியதால் தப்பினோம். பஸ்ஸின் பின்கம்பி பாபு பக்கத்து ஜன்னலை உரசிக்கொண்டு போனது.

புத்தூர் மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, முள்ளு கியர்பாக்ஸ்லேருந்து சுத்துது. உங்க வூட்டுக்காரர் அந்தப் பழைய கியருக்கு சரியா வச்சிருக்காரு. இந்தக் கியருக்கு அதே சுத்துல சக்கரம் கூட சுத்துது. இப்போ எழுபதுன்னு காட்டுனா, வண்டி எண்பத்தஞ்சுல போய்க்கினு கீது."

எண்பத்தைந்து! நான் தூங்கிக்கொண்டிருந்தேன், மாமா.

"முள்ள சரி பண்ணிடலாம்மா" என்கிறான் பாபு. "ரோட்டுக்கு இந்தக் கியரு, ரேசுக்கு நைனா கியரு. வாராவாரம் கழட்டி மாட்டிக்கினு இருக்க முடியாது. எது வேணும், நீயே சொல்லு."

மூணேமுக்கால் என்று சொன்னால் போதும், பந்தயத்தை விட்டுவிடுவான். வாய் வரை வந்துவிட்டது. ஆனால் வாராவாரம் இதே வண்டியில் ஹைவேயில் தனியாக வருகிறவன் அவன். முள்ளைச் சரிசெய்யலாம், சத்தம் எச்சரிக்காத வண்டியில் ஆக்சிலரேட்டரை அழுத்தும் அவன் காலை யார் சரிசெய்வது?

குவைத்திலிருந்து கடைசியாகப் பேசியபோது நீங்களும் இந்தப் புதுக் கியர் மாதிரிதான் அமைதியாக இருந்தீர்கள். "நல்லாத்தான் கீறேன். நீ துன்னியா?" என்றீர்கள். நெஞ்சுவலியோடு அப்படிச் சொன்னீர்கள் என்று உங்களோடு அறையில் இருந்தவர் நீங்கள் கண்மூடிய பிறகு சொல்லித்தான் தெரியும். ஒருமுறை முனகியிருக்கக் கூடாதா? எனக்கு உங்கள் மேல் கோபம் இன்னும் தீரவில்லை.

"நைனா கியரையே மாட்டுடா" என்று சொல்லிவிட்டேன்.

அவன் அடியிலிருந்து தலையை நீட்டினான். "காது கிழியுதுன்னு சொன்னியேம்மா?"

"கிழியட்டும். எனக்கு அந்தச் சத்தம் வேணும்."

சொல்லிவிட்டேனே தவிர, பயம் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானும் போகிறேன். போகும்போதும் வரும்போதும் பக்கத்து சீட்டில் நான்தான். இன்ஜின் கத்தினால் நானும் சேர்ந்து கத்துவேன். அவனை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன், மாமா.

உங்கள் அக்கா மகளும் வீட்டுக்காரியுமான
செல்வி