மாப்ள கால்

1978 மார்ச் 12
கம்பெனி ஃபுட்பால், செமி ஃபைனல். மாப்ள தைரியராஜ் மொதல்ல ரைட் பேக். லெஃப்ட் பேக் பயலுக்கு மண்ட பொளந்ததும் அங்க போனான். கோலிக்கு ரெண்டு பல்லு போச்சு, கோல்லயும் நின்னான். எங்க நிறுத்துனாலும் நிக்கறான், எம் மக லூர்துராணிதான் "வீட்ல நிக்க மாட்டேங்குறாரு"ங்கறா. பல்லுப் போனவங்கிட்ட, "இனிமே உன் முறுக்கெல்லாம் எனக்குடா"ன்னேன். வாயெல்லாம் ரத்தம், ஆனாலும் சிரிச்சான்.

மாப்ள கம்பெனில டெம்பரவரி. கப் ஜெயிச்சா பர்மனென்ட்னு ஆபீசர் சொல்லிட்டாரு.

மார்ச் 19
காலைல குருத்தோலைப் பூசை. சாயங்காலம் ஃபைனல். எதிர் டீம் ஃபார்வர்டு அழகிரி, வாழ வெளையற ஜீயபுரத்துக்காரன். தடுக்கி விழுந்தான். விடுவனா? கயித்துக்கு இந்தப் பக்கம் நின்னு, "வாழத்தாரு விழுந்துருச்சு, லாரில ஏத்துங்கடா!"ன்னேன். கூட்டம் பூரா "வாழத்தாரு, வாழத்தாரு!"ன்னு கத்துச்சு. அவன் மூஞ்சி கறுத்துப் போச்சு.

மாப்ள ஓடியாந்தான். "மாமா, பேசாம இருங்க. அவனால உங்கள அடிக்க முடியாது, என்னத்தான் அடிப்பான்."

கேட்டனா? இன்னும் சத்தமா கத்தினேன்.

அழகிரி பந்தப் பாக்கவேயில்ல. ரெண்டு காலயும் தூக்கி மாப்ள முட்டிக்குக் கீழ எறக்கினான். கரும்பு முறிச்ச சத்தம். எலும்பு தோலக் கிழிச்சுக்கிட்டு வெளிய — சேசுவே. நான்தான். என் வாய்தான்.

மார்ச் 20
புத்தூர் ஆஸ்பத்திரி. கப்பும் போச்சு, பர்மனென்ட்டும் போச்சு. லூர்து எம் மூஞ்சியப் பாக்கல.

1979 ஜூலை 8
மாப்ள மறுபடி எறங்கிட்டான். ஓட்டம் இல்ல, அதனால நடுவுல ஸ்டாப்பர். முன்னெல்லாம் ஆளத் தொடாம பந்த எடுப்பான். இன்னைக்கு முழங்கையால ஒருத்தன் தாடயப் பேத்தான். இன்னொருத்தனுக்கு வெலா எலும்பு. ஆபீசர் கைதட்டுறாரு!

ஆகஸ்ட் 26
மறுபடி அழகிரி டீம். நான் வாயே தொறக்கல. மாப்ள அவன் முட்டில ஏறி மிதிச்சான். விழுந்தவன இன்னும் மிதிச்சான். "போதும் மாப்ள, விட்ருங்க!"ன்னு கயித்தத் தாண்டி ஓடினேன். திரும்பிப் பாத்தான்.

"ஏன் மாமா, இன்னைக்கு கேலி இல்லையா?"

ரெஃபரி அவன வெளிய அனுப்பினாரு. கூட்டம் அவனத் தோள்ல தூக்கிக்கிச்சு. அழகிரியத் தூக்க நாலு பேரு இல்ல. நானும் ஒரு கை புடிச்சேன். அம்மா அம்மான்னுட்டே வந்தான்.

செப்டம்பர் 3
பர்மனென்ட் ஆர்டர் வந்துடுச்சு. இவன் நின்னா எவனும் கிட்ட வரமாட்டான்னு ஆபீசருக்கு சந்தோஷம். லூர்து வீடு வீடா கல்கண்டு குடுக்கறா. எங்கிட்டயும் பேசிட்டா.

செப்டம்பர் 16
மேட்சுக்குப் போகல. பாலக்கரை டீக்கடைல உக்காந்துட்டேன். கிரவுண்டுலேர்ந்து கூச்சல் வந்துச்சு. கடைக்கார காஜா மைதீன், "கோலு போல, உங்க மாப்ள டீம்தான். ஓடுங்க!"ன்னாரு.

கோலுன்னா ஒரு விசிலோட போயிடும். இது விட்டு விட்டு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு, ஆளு விழுந்தா அடிக்கற மாதிரி.

"இன்னொரு டீ போடுங்க பாய்"ன்னேன்.