வெள்ளிக்கிழமைக் களி

என் அருமைச் சண்டைக்காரி மாராயிக்கு,

உன் சமையல் வகுப்பு நிற்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்; இல்லாவிட்டால் அங்கேயிருந்தே சண்டைக்கு வந்துவிடுவாய்.

சின்னப் பிள்ளைகளுக்குச் சமையலும் தையலும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று மேலிடத்துத் தாள் வந்த அன்று, தலைமை வாத்தியாரான நான் என்ன குதி குதித்தேன்! "களி கிண்டறதுக்கு எதுக்கு சாமி பள்ளிக்கூடம்? அவங்கவங்க ஊட்டுல ஆத்தா இல்லையா?" என்றேன். உள்ளே இருந்த பயம் வேறு. அந்த வகுப்புக்கு டீச்சராக வந்த நீ கூலிக்காரர் வீட்டில் பிறந்தவள். நீ தொட்ட சட்டியில் பண்ணையக்காரர் பிள்ளைகள் தின்றால் மறுநாளே பள்ளிக்கூடம் காலியாகிவிடும் என்று நடுங்கினேன்.

அதனால் கரும்பலகையில் மட்டும் ராகிக் களி கிண்டச் சொன்னேன். "தண்ணி கொதிச்சதும் மாவைப் போடு" என்று பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி கத்தினார்கள். நீ விட்டாயா? அடுப்பு கேட்டாய். சரி, ஆக்கலாம், ஆனால் தின்னக்கூடாது, மாட்டுக்கு வைத்துவிட வேண்டும் என்றேன். இப்படியொரு சட்டம் போட்டவன் சேந்தமங்கலத்துப் பக்கம் வேறு எவனாவது உண்டா?

"ஏனுங்கய்யா, உப்புச் சரியா இருக்குதான்னு ஆருங்க சொல்லுவாங்க? மாடுங்களா?" என்று கேட்டாய். சிரித்துத் தொலைத்தேன். அந்த வெள்ளிக்கிழமையே எல்லாப் பிள்ளைகளும் ஒரே சட்டிக் களியைத் தின்றார்கள். நாலைந்து தாய்மார்கள் வாசலில் வந்து ஏசினார்கள். திங்கட்கிழமை ஒரு பிள்ளைகூடக் குறையவில்லை.

நான் மட்டும் தின்னவில்லை. வயிறு சரியில்லை என்று வாராவாரம் பொய் சொன்னேன். பொய்யென்று உனக்குத் தெரியும்தானே? ஏன் ஒருநாளும் கேட்கவில்லை?

காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனதும் வகுப்பை மூடிவிடலாம் என்றுதான் இருந்தேன். போன வெள்ளிக்கிழமை பிள்ளைகள் அவர்களாகவே அடுப்பு மூட்டிவிட்டார்கள். களி கிண்டும் துடுப்பைப் பிடிக்க ஆளில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நானே கிண்டினேன். "ஐயா, கட்டி கட்டியா இருக்குதுங்க" என்றாள் ஒரு வாண்டு. அடேயப்பா, என்ன சிரிப்பு! நானும் சிரித்தேன். பிறகு வரிசையில் உட்கார்ந்து, நீ கிண்டிய அதே சட்டியிலிருந்து தின்றேன். பாதியில் அழுதுவிட்டேன், மாராயி. உன் கையால் ஒரு உருண்டை கேட்டு வாங்கியிருக்கலாம்.

புது டீச்சர் வந்த பிறகும் வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துதான் தின்பேன். எந்தப் பண்ணையக்காரர் வந்து நின்றாலும் பாதியில் எழுந்திருக்க மாட்டேன். இனி என்னை ஐயா என்று கூப்பிடாதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்